செயலாளர் ஆண்டறிக்கை: நகரமும் தனிமையும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இவ்வாண்டு வாசகர் வட்டம் நகரத் தனிமை பற்றிய இந்திய, புலம்பெயர் கதைகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதல் இரண்டு கூட்டங்கள் சரியாக அமையவில்லை. ‘தனிமை’ என்ற சொல்லை நடுவில் வைத்துப் பேசினோம். கதை ஓரமாகப் போய், அவரவர் கருத்து மேடையேறிவிட்டது. மூன்றாவதிலிருந்து முறை மாறியது. அறையில் என்ன இருக்கிறது, அடுப்பில் என்ன வேகிறது, கதவைத் தட்டுவது யார் என்று மட்டும் குறித்துக்கொண்டு வர வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அந்தச் சொல்லை யாரும் எடுக்கக் கூடாது.

இந்த முறை நன்றாகப் பலித்தது ஜும்பா லாஹிரியின் ‘மிஸஸ் சென்ஸ்’ கதையில் (தொகுப்பு வந்தது 1999). அமெரிக்கக் கடலோர ஊர் ஒன்றில், கணிதம் கற்பிப்பவரின் மனைவி, எலியட் என்ற 11 வயதுச் சிறுவனைப் பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்கிறார். காய் அரிய அவர் எடுப்பதை மூலம் ‘பிளேடு’ என்கிறது. கத்தி என்று படித்தவர்களுக்கு, அவர் ஏன் தரையில் செய்தித்தாள் விரித்து உட்காருகிறார் என்றே விளங்கவில்லை. அது வங்காளத்துப் போன்ட்டி, நம் அரிவாள்மனையேதான். அலகு அசையாது, காய்தான் அதனிடம் போகும். இரண்டு கைக்கும் வேலை, வாய்க்கு வேலையில்லை. அதனால்தான் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அரியத் தோதான கருவி அது. ஊரில் கல்யாணமென்றால் பெண்கள் மாடியில் கூடி விடிய விடிய 50 கிலோ காய் அரிவார்கள் என்று மிஸஸ் சென் சொல்கிறார். கேட்பதற்கு இருப்பது ஒரே ஒரு பையன். அலகு வெளியே இருக்கும்வரை அவனும் சோபாவை விட்டு இறங்கக் கூடாது.

உரக்க வாசிப்பதில் இரண்டு சிக்கல். ரோஹின்டன் மிஸ்திரியின் ‘ஸ்விம்மிங் லெசன்ஸ்’ (1987) டொரன்டோ அடுக்ககத்தில் இருக்கும் மகனையும், பம்பாயில் அவன் கடிதத்தைப் பிரிக்கும் பெற்றோரையும் மாறி மாறிக் காட்டுகிறது. பம்பாய்ப் பகுதி சாய்வெழுத்தில் அச்சாகியிருக்கிறது. சாய்வெழுத்து காதுக்குக் கேட்காதே! இரண்டு குரல் வைத்தபின் தெளிந்தது. சாம் செல்வன் (தந்தை மெட்ராஸ்காரர், பிறந்தது ட்ரினிடாட்) எழுதிய ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ (1956) நாவலில் கோடைக்காலப் பகுதி முற்றுப்புள்ளியே இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடுகிறது. மூச்சு வாங்கினால் அந்த ஓட்டம் கெட்டுவிடும். மூவர் ஒருவர் விட்ட சொல்லிலிருந்து மற்றவர் தொடர்ந்தார்கள். ட்ரினிடாட்டிலிருந்து லண்டன் வந்த கலஹாட் பூங்காப் புறாவைப் பிடித்து நண்பன் மோசஸின் அறைக்குச் சமைக்கக் கொண்டுவரும் இடத்தில் சிரிப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது. பசியை இதைவிடச் சிக்கனமாக எழுத முடியாது.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ ஒரே அமர்வில் முடிந்தது. குழாயடியில் தெருவே நிற்கிறது, ஜமுனா மட்டும் தனி. இன்னொரு அமர்வு தந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

வரும் ஆண்டுக்குக் கிரண் தேசாயின் ‘தி லோன்லினஸ் ஆஃப் சோனியா அண்ட் சன்னி’ (2025) தேர்வாகியுள்ளது. ஏறக்குறைய 700 பக்கம். மாதம் 100 என்று ஏழு மாதம். தடித்த நாவலில் ஒரு மாதம் தவறியவர் கதை விட்டுப்போயிற்று என்று அடுத்த மாதமும் வருவதில்லை. எனவே ஒவ்வொரு கூட்டமும் பத்து நிமிட முன்கதையோடு தொடங்கும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்