கோப்பி இலையின் அடிப்பக்கம்

பசறை

அன்பு மச்சான் யோகா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு உடம்பு தேறிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே விடாத மழை. மூத்தவள் ஏ.எல். படிக்கிறாள், சின்னவன் கிரிக்கெட்டை விட்டால் வேறு பேச்சில்லை. மற்றதெல்லாம் நீ விட்டுப்போன மாதிரியேதான்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பரீட்சையும் இல்லை, சம்பளமும் இல்லை, எதற்கு இந்த வயதில் பழைய புத்தகங்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுமையாக வாசி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கோப்பி மரங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மா பழம் பறித்துக் காயவைத்து, கொத்தமல்லியும் சேர்த்து வறுத்து உரலில் இடிப்பாரே. அந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் செம்மஞ்சளாக மாவு மாதிரி ஒன்று இருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான், ஆனால் அது என்ன என்று யாரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. அதைத் தேடப் போய்த்தான் இவ்வளவும்.

அது ஒரு பூஞ்சை, கோப்பி இலைத் துரு. இலங்கையில் அதை முதலில் கவனித்த இடம் எது தெரியுமா? மடுல்சீமை! நாம் ஸ்கூல் காலத்தில் பஸ் ஏறிப் போன அதே மடுல்சீமை, 1869இல். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்ற பாதிரியாரும் புரூம் என்பவரும் அதே வருடமே அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் பலர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு இருபது வருடத்துக்குள் மலையெல்லாம் நின்ற கோப்பி ஏறக்குறைய இல்லாமலே போனது.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை இதை ஆராய அனுப்பினார்கள். அவர் செய்த வேலை என் மனதை ரொம்பப் பிடித்துக்கொண்டது மச்சான். கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசித் தோட்டத்தில் வைத்து, காற்றில் பறந்து வருகிற துருத் தூளைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அந்தத் தூள் இலையில் விழுந்து, ஈரம் இருந்தால் முளைத்து, இலையின் அடியில் இருக்கிற சின்னத் துவாரங்கள் வழியாக உள்ளே நுழைகிறது என்று காட்டினார். இடைவெளியே இல்லாமல் மலைக்கு மலை ஒரே பயிரை நட்டால் காற்றுக்கு வேறென்ன வேண்டும்? துரைமார் எதிர்பார்த்தது மருந்து, அவரால் கொடுக்க முடிந்தது விளக்கம். எனக்கு அந்த விளக்கமே பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம்தான் தேடல் நம் பக்கம் திரும்பியது. கோப்பிக் காலத்தில் நம் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து பெரும்பாலும் பழம் பறிக்கிற பருவத்துக்குத்தான் வந்தார்கள், அதிலும் ஆண்கள்தான் அதிகம். மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடை, வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். வேலை முடிந்தால் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். கோப்பிக்குப் பிறகு வந்த தேயிலை அப்படியில்லை, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், அதனால் குடும்பம் குடும்பமாக வந்து தோட்டத்து வரிசை வீடுகளில், நம் லயத்தில், நிரந்தரமாகத் தங்கினார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்தபோது அது ஒரு மூலையில் கிடந்த பரிசோதனை மாதிரிதான், கோப்பி விழுந்ததும் அதுவே எல்லாமாகிவிட்டது. யோசித்துப் பார், என் பாட்டனும் உன் பாட்டனும் இந்த மண்ணில் பிறந்ததற்கு, அந்த இலையின் அடியில் இருக்கிற தூளும் ஒரு காரணம்! 2023இல் நம் ஆட்கள் இங்கே வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தபோது அதைச் செய்தியாகப் பார்த்தேன், இப்போது அந்தப் பாதை எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

ஒரு கோபமும் உண்டு. அந்தக் காலத்துப் புத்தகங்களில் கோப்பி அழிந்து துரைமார் நொடித்துப்போன கதை பக்கம் பக்கமாக வருகிறது, கூலி பாக்கியோடு நின்றவர்களைப் பற்றி இரண்டு வரிதான். அதனால் புத்தகத்தோடு நிறுத்தாமல் ஆட்களிடமும் கேட்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் பென்சன் வாங்கிய கணக்கப்பிள்ளை ஒருவர் தேயிலைக் கொப்புள நோய் பற்றி மணிக்கணக்கில் சொன்னார். அது 1946இல்தான் இலங்கைக்கு வந்தது, வெயில் முகமே காட்டாமல் பனி மூடிக் கிடந்தால் இளங்கொழுந்தில் கொப்புளம் போடும், செம்பு மருந்து அடித்துத்தான் கட்டுப்படுத்தினார்கள். இதில் பாதி நம் கொழுந்தெடுக்கிற அக்காமாருக்கு எந்தப் புத்தகமும் இல்லாமலே தெரியும். கேட்பவர்கள்தான் இல்லை.

எப்படிச் செய்கிறேன் என்றும் கேட்டாயே. ஒரு சிஆர் நோட்டுக் கொப்பி, இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் கிடைத்த பதில், எங்கே கிடைத்தது என்ற குறிப்பு. நூறு வருடத்துக்கு முந்திய புத்தகங்கள் இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடக்கின்றன, இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடும், பரவாயில்லை. ஒரு கைலென்ஸ் வாங்கினேன். அதில் பார்த்தால் சில துருப்பொட்டுகளின் மேல் வெள்ளையாக இன்னொரு பூஞ்சை, துருவையே தின்கிற பூஞ்சையாம் அது! இப்போது இடது பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

உன்னால் ஒரு உதவி வேண்டும். வார்ட் எழுதிய அறிக்கைகளை அரசாங்கம் 1880, 1881 வருடங்களில் செஷனல் பேப்பராக, அதாவது சட்டசபைக்கு வைக்கிற அறிக்கையாக, அச்சடித்தது. கொழும்பு 7இல் இருக்கிற தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அது பார்க்கக் கிடைக்குமா, படம் எடுக்க விடுவார்களா என்று ஒரு நாள் போய்க் கேட்டுச் சொல், அடையாள அட்டையை மறக்காதே. போகிற போக்கில் உனக்கும் ஒன்றைத் தேடு. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல், பண்டாரவளைக்கோ 1894இலேயே வந்துவிட்டது, இடையில் முப்பது வருடம் ஏன் போனது என்று ரயிலில் தொங்கிக்கொண்டு வந்த காலத்தில் நீதானே கேட்டாய்?

பிள்ளைகளுக்கு அன்பு.

உன்,
செல்வம்