மூன்று செல் போதும் நண்பா

அன்புள்ள நண்பா,

ஆரணியிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று எழுதியிருந்தாயே, முடிந்ததா? இங்கே வேலூரில் சித்திரை பிறக்கும் முன்பே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சின்னவளுக்குக் காட்பாடியிலேயே வேலை கிடைத்துவிட்டது, அது ஒரு நிம்மதி.

சரி, உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். எல்இடி என்ற குட்டி விளக்கு, மோட்டார் எல்லாம் வைத்து விளையாட அவனுக்கு எந்த பேட்டரி சரி என்று கேட்டிருந்தாயே. அவன் வைத்திருக்கும் அந்தச் செவ்வக 9 வோல்ட் பேட்டரியை முதலில் அவன் கையிலிருந்து வாங்கி ஓரமாக வை. உள்ளே 6 குட்டி செல்கள்தான். நீடித்து உழைக்கும் அல்கலைன் ரகமாகவே இருந்தாலும் அதன் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணிதான். வோல்ட், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டருக்குச் சரி, மோட்டாரை மாட்டினால் சீக்கிரமே மூச்சு வாங்கும். ஏஏ (பென்சில் செல் என்போமே) அல்கலைன் செல்லிலோ 2,000க்கு மேல் கிடைக்கும்.

மூன்று ஏஏ செல் போடும் பேட்டரி ஹோல்டர் ஒன்று வாங்கிக்கொடு, சுவிட்ச் வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. செல்லைச் செல்லோடு வைத்து டேப் சுற்றுவதெல்லாம் வேண்டாம், லேசாக அசைந்தாலே தொடர்பு விட்டுப்போகும். ஹோல்டரில் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் செல்லின் தட்டை முனை, அதாவது மைனஸ். செல்கள் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பிப் படுத்திருக்கும். சிவப்பு ஒயர் பிளஸ், கறுப்பு மைனஸ். மொத்தம் 4.5 வோல்ட் வரும். சிவப்பு எல்இடி அதில் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதியை, கரண்டைக் கட்டுப்படுத்தும் 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஏற்றுக்கொண்டால் கரண்ட் 17 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால் எல்இடி போச்சு. சார்ஜ் செய்கிற செல் என்றால் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், அதற்கு நான்கு போடும் ஹோல்டர் பார்.

ஹோல்டரோடு வரும் ஒயர் மெல்லிசான பல இழை ஒயர். பற்றவைக்காமலே பாகங்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு பலகையின் துளையில் குத்தினால் பிரிந்து மடங்கும். நுனியை முறுக்கி ஈயம் பூசிவிட்டால் ஊசி மாதிரி இறங்கும். ஆனால் ஹோல்டரின் தகட்டில் சூட்டுக்கோலை (சால்டரிங் அயர்ன்) அதிக நேரம் வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் இளகித் தகடு சாய்ந்துவிடும். ஒயர் அறுவதும் பெரும்பாலும் அந்த முனையில்தான். அங்கே ஒரு சொட்டு க்ளூ கன் பசை வைத்தால் போதும்.

பழைய செல்லையும் புதுசையும் சேர்த்துப் போடாதே என்று அவனிடம் சொல்லிவை. தளர்ந்த செல்லை மற்றவை தலைகீழாக ஓட்டும், அது கசியும். ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால், அல்கலைன் செல்லென்றால், பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவிடு. கையில் படாமல் பார்த்துக்கொள். லித்தியம் செல் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், பிள்ளை இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி வருவாய் அல்லவா? அவனையும் கூட்டி வா. என்னிடம் சால்டரிங் அயர்ன் ஒன்று கூடுதலாகக் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போகட்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்