நான்கு ஆண்டு லோனும் துரோகிப் பட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், ஒப்பந்தத்தை மீறும் நட்சத்திர வீரர்களைச் சாடி வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். இந்தியக் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் அன்வர் அலியைக் குறிப்பிட்டு, துரோகி என்று கூசாமல் எழுதியிருக்கிறார். தொழிலாளர் வழக்குகளை நடத்திப் பிழைக்கும் வழக்கறிஞன் நான். ஒரு தொழிலாளியின் ஒப்பந்தத் தகராறில் முழுப் பழியையும் தொழிலாளி தலையில் கட்டும் எழுத்தை எங்கே கண்டாலும் எனக்குப் பொறுக்காது. கால்பந்து வீரரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்தான். சம்பளம் கோடிகளில் இருப்பதால் அந்த உறவு மாறிவிடாது.

நடந்ததைச் சொல்கிறேன். 2023இல் டெல்லி எஃப்சி அணி, அன்வர் அலியை மோகன் பகானுக்கு நான்கு ஆண்டு லோனில், அதாவது இரவலாக, அனுப்பியது. 2024 ஜூலையில் அந்த ஏற்பாட்டை அன்வர் தரப்பு முறித்துக்கொண்டது. அவர் டெல்லி எஃப்சிக்குத் திரும்பி, அங்கிருந்து ஈஸ்ட் பெங்காலுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு என்றால் கொல்கத்தாவில் அதன் பொருள் என்னவென்று கால்பந்து பார்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நூறாண்டுக்கும் மேலான பகை அது. ஆத்திரம் வந்தது இயல்புதான்.

செப்டம்பர் 10 அன்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் வீரர் தகுநிலைக் குழு தீர்ப்புச் சொன்னது. அன்வருக்கு நான்கு மாதத் தடை. அவரும் டெல்லி எஃப்சியும் ஈஸ்ட் பெங்காலும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும். டெல்லி எஃப்சியும் ஈஸ்ட் பெங்காலும், வீரர்கள் அணி மாறும் பரிமாற்றக் காலங்களில் அடுத்த இரண்டில் புதிய வீரர்களைப் பதிவு செய்யக் கூடாது. விவகாரம் உடனே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களிலேயே குழு தன் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மறு விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. காரணங்களை விளக்காத உத்தரவு என்பதுதான் அங்கே எழுந்த முக்கியக் குறை. ஒருவரின் பிழைப்பை நான்கு மாதம் நிறுத்தும் உத்தரவில் காரணம் இல்லை என்றால், எங்கள் ஊர்த் தொழிலாளர் நீதிமன்றத்தில் அது ஒரு வாய்தாவைக்கூடத் தாண்டாது.

கடிதம் எழுதிய அன்பர் இந்த இடத்தோடு நின்றுவிட்டார். நான் அந்த லோன் ஒப்பந்தத்துக்குள் போக விரும்புகிறேன். நான்கு ஆண்டு லோன் என்பது என்ன? ஒரு வீரரின் பதிவுரிமை ஓர் அணியிடம் இருக்கும். அவர் ஓடுவதும் வேர்ப்பதும் இன்னோர் அணிக்காக. இளைஞர் ஒருவருக்கு ஆட வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று ஒரு பருவத்துக்கு அனுப்பினால் அதில் நியாயம் உண்டு. ஆனால் தடுப்பாட்டக்காரரின் ஆட்டக்காலமே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள்தான். அதில் நான்கை இப்படி எழுதி வாங்குவது விற்பனையும் இல்லை, லோனும் இல்லை. விற்றிருந்தால் விற்றவருக்கு அதற்குப் பிறகு பேச்சில்லை. ஒரு பருவ லோன் என்றால் பருவம் முடிந்ததும் எல்லோருக்கும் கணக்குத் தீர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தாளைத் தயாரித்தார்கள். தகராறு அந்தத் தாளில் இருந்தே பிறந்தது.

இதை உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா முன்கூட்டியே உணர்ந்திருந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடுவிட்டு நாடு போகும் லோன்களுக்கு ஓராண்டுதான் உச்சவரம்பு. உள்நாட்டு லோன்களுக்கும் அதே போக்கில் விதி வகுக்க ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் மூன்றாண்டு அவகாசம் தந்தது. அந்த அவகாசம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான், 2023இல், இந்த நான்காண்டு ஏற்பாடு கையெழுத்தானது. விதி வரப்போகிறது என்று தெரிந்தும் இடைவெளியில் புகுந்தவர்கள் கால்பந்தை நிர்வகிக்கிறவர்கள். பெரும்பழி மட்டும் வீரரைத் தேடி வந்தது.

அன்வர் அலி ஒன்றுமறியாதவர் என்று நான் வாதாடவில்லை. அந்தத் தாளில் அவர் கையெழுத்தும் இருந்தது. ஓராண்டு மோகன் பகான் சட்டையில் ஆடினார். 2023-24இல் அந்த அணி லீக் கேடயத்தை வென்றபோது அவரும் அணியில் இருந்தார். அவரை நம்பித் தடுப்பு வரிசையைக் கட்டியவர்களுக்கு, பருவம் தொடங்கும் நேரத்தில் அவர் எதிரணிக்குப் போனது பெரும் நட்டம். அந்த நட்டத்துக்கு ஈடு கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. கணக்குப் பார்த்து, காரணம் எழுதி, தொகை சொல்லட்டும். இழப்பீடு வேறு, ஆட விடாமல் வீட்டில் உட்காரவைப்பது வேறு. முன்னது கடனைத் தீர்க்கும். பின்னதால் மோகன் பகானுக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது.

அதுவும் யாரை உட்காரவைக்கிறோம் என்று பாருங்கள். 2017இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நம் நாட்டுக்காக ஆடிய பையன் அவர். 2019இல் இதயத் தசை தடிக்கும் நோய் இருப்பதாகத் தெரிந்தது. சம்மேளனம் அவரை ஆட விடத் தயங்கியது. உயிருக்கு ஆபத்து என்ற அவர்களுடைய கவலையையும் குறை சொல்ல முடியாது. அவர் டெல்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்பி, 2022இல் இந்தியாவின் முதன்மை அணியிலும் இடம் பிடித்தார். பலரும் கைவிட்ட காலத்தில் அவருக்கு இடம் கொடுத்தது டெல்லி எஃப்சி. வளர்த்த கை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும். எத்தனை பருவம் ஆட முடியும் என்ற கேள்வி எல்லா வீரருக்கும் உண்டு. இவருக்கு அது இருபது வயதுக்கு முன்பே மருத்துவ அறிக்கையாகக் கைக்கு வந்தது. அப்படிப்பட்டவர் தன் எதிர்காலத்தைப் பாதுகாத்துக்கொள்ள நினைத்தால் அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வழக்கையும் அன்பர் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிரான்ஸ் அணிக்கு ஆடிய லசானா தியாரா, 2013இல் லோகோமோட்டிவ் மாஸ்கோவுடன் நான்காண்டு ஒப்பந்தம் செய்தார். ஓராண்டில் உறவு கெட்டது. அணியே ஒப்பந்தத்தை முறித்தது. ஆனால் மீறியவர் தியாரா என்று சொல்லி அவரிடமே இழப்பீடு கேட்டது. ஃபிஃபா ஒரு கோடியே ஐந்து லட்சம் யூரோ கட்டச் சொன்னது. பெல்ஜியத்தின் சார்லரோய் அணி அவரைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டது. ஆனால் ஒப்பந்தத்தை முறித்த வீரரைச் சேர்க்கும் புதிய அணியும் இழப்பீட்டில் பங்கேற்க வேண்டும் என்பது ஃபிஃபாவின் 17ஆம் விதி. அந்தப் பயத்தில் பேச்சு முறிந்தது. வேலை கொடுக்க ஆள் இருந்தும், விதி குறுக்கே நின்றதால் அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த விதியின் முக்கியப் பகுதிகள் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று தீர்ப்பளித்தது. நம் குழு விதித்த தண்டனையை மீண்டும் பாருங்கள்: நான்கு மாதத் தடை, கூட்டு இழப்பீடு, இரண்டு பரிமாற்றக் காலத் தடை. அப்படியே 17ஆம் விதியின் அச்சு. நாம் அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு மாதத்துக்குள் ஐரோப்பாவில் அது நீதிமன்றத்தில் உடைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஃபிஃபாவே இடைக்காலத் திருத்தம் கொண்டுவந்தது. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். அங்கே கேட்கப்பட்ட கேள்விகள் இங்கேயும் கேட்கத் தக்கவை.

தியாராவுக்கு அந்தத் தீர்ப்பு வந்தபோது அவர் ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இது என்னைத் தூங்கவிடாத செய்தி. ஆலைத் தொழிலாளிக்குப் பத்தாண்டு கழித்துத் தீர்ப்பு வந்தால் பின்சம்பளத்தோடு மீண்டும் வேலையில் சேர வழியுண்டு. முப்பத்தொன்பது வயதுக் கால்பந்து வீரருக்கு எந்த நீதிமன்றம் எந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கும்? அணிக்கு இந்தக் கவலை கிடையாது. அடுத்த பருவத்தில் அந்த இடத்தில் வேறொருவர் ஆடுவார். வழக்கு இழுபட இழுபடத் தேய்வது ஒரு தரப்பின் ஆயுள் மட்டும்தான். அன்வர் விஷயத்திலும் உத்தரவு திரும்பப் பெறப்பட்ட பிறகு விசாரணை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. இது மோகன் பகானுக்கும் அநீதிதான். அவர்கள் கேட்ட ஈட்டுக்கும் விடை வேண்டுமல்லவா?

அணிகள் ஒப்பந்தத்தை மீறும்போது நாம் என்ன செய்கிறோம்? சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி என்று வீரர்கள் புகார் கொடுத்த செய்திகள் இந்தியக் கால்பந்தில் புதிதல்ல. எந்த ரசிகரும் நிர்வாகியின் உருவப்படத்தை எரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் செய்தி உள்பக்க ஓரத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடும். வீரர் போனால் தலைப்புச் செய்தி.

சம்மேளனத்திடம் நான் எதிர்பார்ப்பவை பெரியவை அல்ல. உள்நாட்டு லோன் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. லோன் தாளில், யார் எந்தத் தேதிக்குள் விலகலாம், விலகினால் எவ்வளவு என்பது வீரருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது அணிகளைச் சாராத ஒருவர் வீரர் பக்கம் உட்கார வேண்டும். தகராறு வந்தால் அடுத்த பருவம் தொடங்கும் முன் தீர்ப்பு வர வேண்டும். உத்தரவில் காரணம் இருக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வீரர் ஒப்பந்தத்தை முறித்தார் என்று செய்தி வரும்போது, அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையும் கேட்டு வாங்கி, அதே பக்கத்தில் வெளியிடுங்கள். துரோகியா இல்லையா என்பதை வாசகர்கள் அதைப் படித்துவிட்டு முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
மதுரை.