சோய் அம்மாளுக்கு ஒரு பிள்ளை

யாங்கோன்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ‘டே ஜாங் கும்’ என்கிற அந்தக் கொரிய அரண்மனைத் தொடரை முதலிலிருந்து பார்க்கிறாயாமே. மொத்தம் 54 பாகம்! பச்சைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு ஏற்ற நீளம்தான். நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கரண்ட் போய்விடும், அப்புறம் லைனும் போய்விடும். அதனால் எழுதியே விடுகிறேன்.

“சோய் சங்குங்குக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அவள் திருந்தியிருப்பாள், அம்மா” என்கிறாய், அந்த அரண்மனைச் சமையல்கட்டு வில்லியைப் பற்றி. (சங்குங் என்பது மூத்த அரண்மனைப் பெண்களின் பட்டம்.) பிள்ளை பெற்ற புதிதில் அப்படித்தான் தோன்றும். ஊரில் இருக்கிற கெட்டவர்கள் மடியில் எல்லாம் ஆளுக்கொரு குழந்தையைப் போட்டுவிட்டால் போதும் என்றிருக்கும். ஆனால் இந்த அம்மாள் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அரண்மனைச் சமையல்கட்டுப் பெண்களுக்குக் கல்யாணமே கிடையாது. கதைதானே, அதை விட்டுவிடலாம் என்பாய். சரி, விட்டுவிட்டேன். ஆனால் சோய்க்குப் பிள்ளை இல்லை என்று யார் சொன்னது? கும் யோங் பின்னே யாராம்? மருமகள் முறைதான், இருந்தாலும் மகள் போலத்தானே வளர்த்தாள்? அந்தக் குழந்தைக்காகத்தான் அத்தனை அக்கிரமமும். தலைமைச் சமையல்காரி என்கிற பதவி தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வெறி. அதற்காகப் பெரியவள் ஏவி இளவயது சோய் செய்தாள். அவள் பெரியவளானதும் தன் மருமகளை ஏவினாள். ராணியின் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு எதிராக மந்திரச் சீட்டை ஒளித்து வைக்க யாரை அனுப்பினாள், நினைவிருக்கிறதா? கும் யோங்கைத்தான். கைவண்ணத்தாலேயே ஜெயித்திருக்கக்கூடிய பெண் அவள். அந்த ஒரு காரியத்துக்குப் பிறகு அவளால் தன் சமையலையே நம்ப முடியாமல் போனது.

பிள்ளைப்பாசம் ஆளை நல்லவளாக்கும் என்றால் திருதராட்டிரனைவிட நல்லவன் யார் இருக்கிறான், சொல்லு. தன் பிள்ளைக்கு என்று வரும்போதுதான் மனிதர்களுக்குக் கூச்சமே போய்விடுகிறது. தனக்காகத் திருடத் தயங்குகிறவன் பிள்ளைக்காகத் தயங்கமாட்டான். இதை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அதனால் சோய்க்கு ஒரு பிள்ளை கொடுப்பதாக இருந்தால், அது அவள் பிள்ளையாக இருக்கக் கூடாது. அவள் கெடுத்த தோழி மியோங் இயின் மகளைக் கொடுக்க வேண்டும்.

ஆமாம், கதாநாயகி ஜாங் கும்மைத்தான். அரண்மனைக்குள் அந்தப் பொடிசு வந்து சேரும்போது அவளை நல்லவளான ஹான் சங்குங்கிடம் விடுகிறார்கள் இல்லையா? அதை மட்டும் மாற்று. சோயிடம் விடு. அவள் யார் பெற்ற பிள்ளை என்று ஹானுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிகிறது. என் கதையில் சோய்க்கு அது முதல் நாளே தெரிந்துவிடும். சொல்லப்போனால் சோய்க்கு மட்டும்தான் தெரியும்.

ஹான் அந்தக் குழந்தையைத் தண்ணீர் கொண்டு வரச் சொல்வாளே, அந்தக் கட்டம் ஞாபகம் வருகிறதா? எத்தனை தடவை கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்புவாள். கடைசியில் அது, “வயிறு வலிக்கிறதா, தொண்டை கரகரக்கிறதா” என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கொண்டு வரும். எங்கே கற்றாய் என்றால், அம்மா இப்படித்தான் கேட்டுவிட்டுக் கொடுப்பாள் என்னும். இப்போது அந்தக் கிண்ணத்தை சோய் கையில் கொடுத்துப் பார். தான் பழி சுமத்தி விஷம் குடிக்க வைத்த தோழியின் மகள் எதிரே உட்கார்ந்து, “உங்களுக்கு வயிறு வலிக்கிறதா?” என்று கேட்கிறது. அதையும் அந்தத் தோழியின் பாணியிலேயே கேட்கிறது. சோய் என்ன செய்வாள்? அன்றைக்கே திருந்திவிடுவாள் என்று எழுதினால் அது மட்டமான கதை. எரிந்து விழுவாள், தட்டிவிடுவாள், குழந்தையை வெளியே நிற்க வைப்பாள். ஆனால் மறுநாளும் அதே குழந்தைதான் வரும். சோறு போட வேண்டும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார வேண்டும், கத்தி பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். பெற்ற பிள்ளையின் முகத்தில் நம் ஜாடையைத் தேடிச் சந்தோஷப்படுகிறோம். இந்த முகத்தில் அவள் பார்ப்பது தான் செய்த காரியத்தை.

நீ பத்தாவது படிக்கும்போது சிடி வாடகைக்கு எடுத்து இதைப் பார்த்தோமே, கீழே ஓடுகிற பர்மிய எழுத்தை நீ தமிழில் வாசித்துச் சொல்ல, அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்கும். சோயை ‘சகுனி’ என்றுதான் சொல்லும். ஆனால் ஒரு நாள், “அந்தக் குட்டியை இவ வளர்த்திருந்தா இவளுக்கே நல்லதாப் போயிருக்கும்” என்றது. நீ சிரித்தாய். என் யோசனை அங்கிருந்து வந்ததுதான், திருட்டு என்றுகூடச் சொல்லலாம். அப்பத்தாவுக்குப் பிடித்தவர்கள் அந்த மது காய்ச்சி விற்கும் புருஷன் பெண்டாட்டிதான். திட்டிக்கொண்டே சோறு போடுகிற ஜனங்கள், நம்ம ஆட்கள் என்று சொல்லும்.

தொடரில் சோய் எப்படிப் போகிறாள்? குற்றமெல்லாம் வெளியே வந்ததும் சித்தம் கலங்கி, மலையில் விழுந்து சாகிறாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. செத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று தொடர் எடுக்கிறவர்களுக்கு ஒரு வசதி. உயிரோடு இருந்து ஜாங் கும் முகத்தைப் பார்த்து, “உன் அம்மாவுக்கு அதைச் செய்தது நான்தான்” என்று சொல்ல வேண்டாமா? என் கதையில் வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டார்கள். கும் யோங்குக்குப் பதவி உறுதியாகப் போகிற நேரத்தில், சொன்னால் எல்லாம் போய்விடும் என்று தெரிந்தே, வளர்த்தவள் தன் வாயால் சொல்வாள்.

அப்புறம் மன்னிப்பா என்று கேட்பாய். இங்கே அங்குலிமாலன் கதை தெரியாதவர் கிடையாது. நீ வயிற்றில் இருந்தபோது எனக்கு வலி கண்டு இழுத்துக்கொண்டே போனது, பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா வந்து உட்கார்ந்து ஓதியது அவன் பெயரில் உள்ள பரித்தத்தைத்தான், அதாவது பௌத்தர்கள் காப்புக்காக ஓதும் பாடத்தை. விரல்களை வெட்டி மாலை போட்டவன் பெயரைப் பிரசவ வலிக்கு ஓதுகிறார்களே என்று அப்போது எனக்குப் பயமாகக்கூட இருந்தது. ஆயிரமாவது விரலுக்கு அவன் காத்திருந்தபோது எதிரே வந்தது பெற்ற தாய் என்பார்கள். ராஜா படையோடு போகிறாராம் என்று தெரிந்து மகனை எச்சரிக்கத் தனியாகக் கிளம்பினவள். புத்தர் நடுவில் வந்ததால் அவள் தப்பினாள். அவன் துறவியாகி, கஷ்டப்படுகிற கர்ப்பிணிக்குச் சத்தியம் சொல்லிப் பிரசவம் ஆக வைத்தான். ஆனால் அதற்கப்புறமும் பிச்சைக்குப் போன இடத்தில் கல்லடி விழுந்தது. மண்டை உடைந்து, ஓடு உடைந்து வந்து நின்றான். பொறுத்துக்கொள் என்றார் புத்தர், கல்லை நிறுத்தவில்லை. எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும். திருந்தினவனுக்கும் கல் விழத்தான் செய்யும்.

அதனால் ஜாங் கும்மை மன்னிக்க வைக்க மாட்டேன். அவள் மருத்துவச்சி ஆகிவிட்டாள். ஜுங்ஜொங் ராஜா 1506 முதல் 1544 வரை ஆண்ட காலத்துக் குறிப்புகளில் அப்படி ஒரு மருத்துவப் பெண் நிஜமாகவே இருக்கிறாள், சில வரிகள்தான். சோய் அம்மாள் முழுக்கக் கற்பனை, அவள் தலையெழுத்தை நாம் மாற்றினால் வழக்குப் போட யாருமில்லை. பதவி, பணம், வீடு எல்லாம் போய், சோய் ஒரு நாள் மற்ற நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஜாங் கும் நாடி பார்த்து, மருந்தும் பத்தியமும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். “அம்மா” என்று சொல்ல மாட்டாள். ஆனால் மருந்தைக் கொடுக்கும்முன், வயிறு எப்படி இருக்கிறது, தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்பாள். எல்லா நோயாளியிடமும் கேட்பதுதான்.

எனக்குப் பிடிபடாதது கும் யோங் ஒருத்திதான். அத்தை உண்மையைச் சொல்லித் தன்னைத் திருத்திக்கொள்கிறாள், அதற்கு விலை கொடுப்பது இந்தப் பெண் அல்லவா? இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியிடம் நேர்மையாக இருக்கப்போய், இன்னொருத்தியை நடுத்தெருவில் விட்டுவிட்டாள். அவள் ஆசைப்பட்ட மின் ஜோங் ஹோவும் அவளுக்குக் கிடையாது. அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது? உனக்கு ஏதாவது தோன்றினால் சொல்லு. ஆனால் கல்யாணம் பண்ணி வைத்து முடிக்காதே.

குழந்தைக்கு வசம்பு அனுப்பியிருக்கிறேன், வருகிறவர் கையில். ராத்திரி இரண்டு பாகத்துக்கு மேல் பார்க்காதே.

அம்மா