மெய்யழகன்: நீளம் குறைந்தது, நடிப்பும்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'மெய்யழகன்' படத்திலிருந்து ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டியதை வரவேற்று உங்கள் இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். இப்போதுதான் படம் கச்சிதமாகியிருக்கிறது என்கிறார் விமர்சகர். 2024 செப்டம்பர் 27 அன்று வெளியான முழுப் படத்தையும், வெட்டிய பிறகு ஓடியதையும் இங்கே பெங்களூரில் பார்த்த எனக்கு இதில் உடன்பாடில்லை.

கதை என்று பார்த்தால் கொஞ்சம்தான். வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அருள்மொழி, 22 வருடம் கழித்துத் தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். விழுந்து விழுந்து கவனிக்கும் ஒரு சொந்தக்காரரின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. மீதி முழுக்க அந்தச் சொந்தக்காரராக வரும் கார்த்தியும், அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமியும்தான்.

கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார் என்பதுதான் பலருடைய புகார். என் பின்வரிசையிலும் "எப்பதான்யா தூங்குவாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. ஆனால் அந்த நேரத்தில் அரவிந்த்சாமியைப் பாருங்கள். எதிரே இருப்பவர் 'அத்தான், அத்தான்' என்று உரிமையோடு கூப்பிடக் கூப்பிட, இவருக்குக் குற்ற உணர்ச்சி ஏறிக்கொண்டே போகிறது. முதலில் சமாளிப்புச் சிரிப்பு, அப்புறம் பார்வையைத் திருப்பிக்கொள்வது, பிறகு மறைக்க முடியாத கூச்சம். தான் விட்டுப்போன சைக்கிள் அவர் குடும்பத்துக்கு எப்படி உதவியது என்ற கதையைக் கேட்டு அந்த முகம் உடைந்துபோவது, அதுவரை அவ்வளவு நேரம் தாங்கிக்கொண்டிருந்ததால்தான். பேசுகிறவருக்கு வசனம் இருக்கிறது. கேட்கிறவருக்கு நேரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

வேலைக்காக ஊரை விட்டு இங்கே வந்த எங்களுக்கு, கல்யாண வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்பவர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பது நன்றாகவே தெரியும். அரவிந்த்சாமி அதில் துளிகூட மிகை சேர்க்கவில்லை.

சரி, கரிகாலன், ஜல்லிக்கட்டு என்று பேச்சு போகும் இடங்களில் பாத்திரம் ஒதுங்கி, இயக்குநர் பிரேம்குமாரின் குரல்தான் கேட்கிறது. அங்கே கத்திரி வைத்தால் திரைக்கதைக்கு லாபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருவரும் பேசிக் கழிக்கும் அந்த இரவு வெட்டிய படத்தில் சீக்கிரம் விடிந்துவிடுகிறது. முழுப் படத்தில், சொல்லாமல் கிளம்பி ஓடும் அருள்மொழி வேறு வழியில்லாதவராகத் தெரிந்தார். இதில் அவசரக்காரராகத் தெரிகிறார்.

உங்கள் விமர்சனத்தில் திரைக்கதைக்குப் பத்தி பத்தியாக இடம். நடிப்புக்கோ, இருவரும் அசத்தியிருக்கிறார்கள் என்று ஒரே வரி. எந்தக் காட்சியில், எப்படி அசத்தினார்கள் என்று எழுத அடுத்த முறை அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். ஓடிடியிலாவது முழுப் படமும் கிடைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களையும் உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு