ரத வீதித் தெருக்கள் திருப்பணி: அங்கத்தினர்களுக்கு நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய அங்கத்தினர்களுக்குத் திருப்பணிக் கமிட்டியின் வணக்கம். திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோவில் ரத வீதிகளை ஒட்டிய நம் தெருக்களில், பழைய சத்திரத்தைச் செப்பனிடுவது, கடை முகப்புகளைப் பழைய அமைப்புக்குக் கொண்டுவருவது, முடுக்குகளில், அதாவது குறுகிய சந்துகளில், கல் பாவி நீர்வழி திறப்பது என்று பொதுக்குழு ஒப்புதல் தந்த மூன்று வேலைகளும் முடிந்துவிட்டன. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே இணைக்கப்பட்டுள்ளது. மதிப்பீட்டுக்கு மேல் ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகச் செலவாகியிருப்பதும், 2024 ஆனித் தேரோட்டத்துக்கு முன் முடித்துத் தருவதாகச் சொன்ன வேலை 2025 ஆனியையும் தாண்டிப் போனதும் அங்கத்தினர்களிடையே பெரும் பேச்சாக இருப்பதைக் கமிட்டி நன்கு அறியும். பொதுக்குழுவில் கேட்கப்பட்டவை, கடை வாசல்களில் பேசப்பட்டவை, எழுத்தில் வந்தவை ஆகிய எல்லாக் கேள்விகளுக்கும் இந்த அறிக்கையிலேயே பதில் சொல்ல விரும்புகிறோம்.

முடுக்குகள் நான்கிலும் கல் பாவி முடிந்தது, அடைபட்டுக் கிடந்த சாக்கடை தூர்வாரி மூடப்பட்டது, தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. இவற்றில் மதிப்பீட்டுக்கு மேல் ஒரு ரூபாயும் செலவாகவில்லை. கூடுதல் செலவு முழுவதும் சத்திரத்துத் தெருப்பக்கச் சுவரால் வந்தது.

சத்திரம் சிறு செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியது. மேலே தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மட்டப்பா என்னும் தட்டைக் கூரை. இப்படிப்பட்ட சுவர் மழையில் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். அந்தப் போக்குவரத்து தடைபடாத வரையில் அதற்கு ஒரு குறையும் வராது. சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே நின்ற ஈரம் அடிச்சுவர் வழியே ஏறி, உப்பாகப் பூத்து, செங்கல்லை உள்ளிருந்தே அரிக்கும். இதைக் கருத்தில் கொண்டுதான் ஒப்பந்தப் பத்திரத்தில் “சிமெண்ட் கலவாத சுண்ணாம்புச் சாந்து” என்ற சொற்களையே எழுதி, ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கினோம். அந்தப் பக்கத்தின் நகல் இணைப்பில் இருக்கிறது. “கமிட்டிக்கு ஆரம்பத்தில் எதுவும் தெரியாது, பிறகுதான் சுண்ணாம்பு என்று பிடிவாதம் பிடித்தது” என்று சொல்பவர்கள் தயவுசெய்து அதைப் படிக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர் மட்டப்பா வேலையைச் சரியாகவே செய்தார். செல்லரித்த உத்தரங்களை மாற்றி, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி ஏற்றியதில் அவர் ஆட்கள் காட்டிய பக்குவத்தைக் கமிட்டி அப்போதே பாராட்டியது. சுவரில்தான் தகராறு வந்தது. தீபாவளிக்கு முன் பூச்சை முடித்துவிட்டதாகச் சொல்லிப் பட்டியல் கொடுத்தார். சுண்ணாம்புப் பூச்சு அவ்வளவு சீக்கிரம் இறுகாது. புதுப் பூச்சில் ஆணியால் கீறினால் கோடு விழ வேண்டும்; எங்கள் மேற்பார்வைக்கு வந்த மூத்த கொத்தனார் கீறிப் பார்த்தபோது ஆணி வழுக்கிக்கொண்டு போனது. புறவாசல் முடுக்கில் காலிச் சிமெண்ட் மூட்டைகளும் கிடந்தன. கேட்டதற்கு, இறுகுவதற்காகக் கொஞ்சம் சேர்த்தோம், இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அந்தப் பட்டியலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று கமிட்டி அன்றே தீர்மானம் போட்டது.

அப்போது எங்களை ஆதரித்தவர்கள் குறைவு. சுவர் பளபளவென்று இருக்கிறது, இதில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டவர்கள் அதிகம். அடுத்த மாதமே, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி பெருகி, சந்திப்புப் பகுதியே நீரில் மூழ்கியது. நம் தெருக்களில் ஆற்று வெள்ளம் புகவில்லை. ஆனால் பல நாள் தண்ணீர் தேங்கி நின்றது. தை பிறந்து வெயில் ஏறியதும் சத்திரச் சுவரில் இடுப்பளவுக்குக் கருப்பு ஏறி, அதன் விளிம்பில் வெள்ளை உப்பு பூத்தது. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது. ஓரிடத்தில் பெயர்த்துப் பார்த்தோம். பூச்சு பலகை பலகையாக வந்தது, அதன் பின்பக்கத்தில் செங்கல்லின் சிவந்த மேல்தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தத் துண்டுகளில் ஒன்று சத்திரத்துத் தார்சாவில் (முன்கூடத்தில்) வைக்கப்பட்டிருக்கிறது. பூச்சை ஏன் உடைத்தீர்கள் என்று இன்றும் கேட்கும் அங்கத்தினர்கள் ஒரு தடவை வந்து அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இதன் பிறகு ஒப்பந்தக்காரர் இரண்டு நியாயங்கள் சொன்னார். நல்ல கற்சுண்ணாம்பு கிடைப்பதில்லை என்பது ஒன்று. பிற்பாடு நாங்களே வாங்கி நீற்றியதால் அந்தப் பேச்சு நின்றது. கமிட்டி அங்கத்தினர் இருவர் வாய்மொழியாகச் சிமெண்டுக்குச் சம்மதித்தார்கள் என்பது மற்றொன்று. யார் அந்த இருவர் என்று கூட்டத்தில் கேட்டபோது பெயர் சொல்லவில்லை. கமிட்டியின் எல்லா முடிவும் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்ட முடிவுகளே. வாய்மொழி உத்தரவு என்ற ஒன்று இந்தத் திருப்பணியில் எந்த நாளிலும் இருந்ததில்லை. சாரத்தைப் பிரிக்காமல் விட்டுவிட்டு, பணம் வந்தால்தான் பிரிப்பேன் என்று அவர் சொன்னதால் கோடை முழுக்கச் சத்திர வாசல் மூங்கிலால் அடைபட்டுக் கிடந்தது. அதனால் வியாபாரம் கெட்ட கடைக்காரர்கள் எங்கள் மீது கொண்ட கோபம் நியாயமானது. ஆனால் அதைச் சேர்க்க வேண்டிய இடம் வேறு.

கோர்ட்டுக்குப் போகாததைக் கோழைத்தனம் என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். வழக்குப் போட்டால் சுவர் சான்றுப்பொருளாகிவிடும். வழக்கு முடியும் வரை தொடமுடியாது. அடுத்த மழையையும் அந்தச் சிமெண்ட் பூச்சோடு சுவர் தாங்காது. அதனால் இரு தரப்புக்கும் வேண்டிய பெரியவர்கள் முன்னிலையில் பேசி, மட்டப்பா வேலைக்குரிய தொகையை முழுதும் கொடுத்து, சுவருக்கு எதுவும் கொடுப்பதில்லை என்று முடித்து, எழுதி வாங்கிக்கொண்டோம். பூச்சை எடுக்கும் செலவை அவர் ஏற்கவில்லை. அது நம் தலையில்தான் விழுந்தது. கட்டடத்தைக் காப்பாற்றுவதா, வழக்கை ஜெயிப்பதா என்ற நிலையில் கமிட்டி கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது. இன்று அதே நிலை வந்தாலும் அதையே செய்வோம்.

சிமெண்டை இயந்திரத்தால் உடைத்தால் செங்கல்லும் உடையும் என்பதால் உளி கொண்டு கையால்தான் செதுக்கி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு சுவர் காயக் காத்திருந்தோம். தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் உடன்குடிக் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டுப் பதமாக்கி, மெல்லிய படலங்களாக ஏற்றினார்கள். ஒவ்வொரு படலமும் மெதுவாகக் காயவேண்டும் என்பதால் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு வெயிலை மறைத்தோம். சாக்கு நனைக்கும் வேலையை நம் தெருப் பெண்கள் முறைவைத்துச் செய்தார்கள். காலையில் வாசல் தெளித்த கையோடு சத்திரத்துக்கு வந்து நனைத்துவிட்டுத்தான் அடுக்களைக்குப் போனார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் இடிபாடு சுமந்தார்கள். பட்டாசாலை என்னும் பெரிய கூடத்துத் தூண்களில் ஏறியிருந்த எனாமல் பெயிண்டைச் சுரண்டி எடுத்ததும் அவர்கள்தான். இவர்களில் ஒருவருக்கும் கூலி தரப்படவில்லை. கணக்கில் “ஆள் கூலி” அதிகம் என்று குறை சொல்பவர்கள், இவர்கள் உழைப்பைக் கூலியாகப் போட்டிருந்தால் அந்தத் தொகை எங்கே போயிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடை முகப்பு விஷயத்துக்கு வருகிறோம். ஆனித் தேரோட்டத்துக்காக ரத வீதிகளில் தகரப் பந்தலையும் தட்டியையும் பிரிப்பது நமக்கெல்லாம் பழக்கம்தான். தேர் நிலைக்கு வந்ததும் அவை திரும்ப முளைக்கும். ஒவ்வொரு வருஷமும் ஒரு சாண் முன்னுக்கு வரும். கமிட்டி புதிதாக எந்த அளவையும் கண்டுபிடிக்கவில்லை. தேர் போக எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் மற்ற நாள்களிலும் மக்களுக்கு வேண்டும் என்று சொன்னோம். அதே முறையை உட்தெருக்களுக்கும் வைத்தோம். வெயிலில் துணி வெளுக்கும் என்று ஜவுளிக்கடைக்காரர்கள் சொன்னதில் நியாயம் இருந்ததால், பழைய ஓட்டுத் தாழ்வாரத்தை அதன் பழைய நீளத்துக்கே மீட்டு, அதன் முனையில் சுருட்டி இறக்கும் படுதா போட்டுக்கொள்ளச் சம்மதித்தோம். பிளெக்ஸ் பலகைகள் இறங்கியதும், அவற்றுக்குப் பின்னால் மறைந்துகிடந்த மர அழிகளும் (கம்பித் தடுப்புகளும்) சுதை வேலைகளும் வெளியே தெரிந்தன. முதலில் கையெழுத்துப் போட மறுத்த கடைக்காரர்களில் சிலர் இப்போது தாங்களாகவே சுவரில் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். இன்னும் மூன்று கடைகள் சம்மதிக்கவில்லை. அவர்களை நெருக்கும் எண்ணம் கமிட்டிக்கு இல்லை.

சத்திரத்தை இடித்துவிட்டு அடுக்குக் கடைகள் கட்டினால் முழுச் செலவையும் தாமே ஏற்பதாக ஒருவர் முன்வந்ததையும், அதைக் கமிட்டி மறுத்ததையும் சிலர் இன்னும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கத் தம் சொந்தப் பணத்தில் சுலோசன முதலியார் கட்டிக்கொடுத்த பாலம் 1843இல் திறக்கப்பட்டது; தனியொருவர் கொடையின் அருமை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இங்கே கேட்கப்பட்டது இடம். சத்திரத்து முன்னறைகளில் தையல்காரரும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரும், பூக்கட்டும் அம்மாக்களும் பிழைக்கிறார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டுத் தெருவைப் புதுப்பித்தோம் என்று எழுதிவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வேலை நடந்த காலம் முழுவதும் அவர்களுக்குத் தெருக்கோடியில் மாற்றிடம் கொடுத்து, பழைய வாடகைக்கே திரும்ப அழைத்து வந்திருக்கிறோம்.

இன்னொரு கோரிக்கையையும் மறுத்தோம். பாரதியார் ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர் என்பதால் “பாரதி நடந்த தெரு” என்று பலகை வைக்கும்படி சில அங்கத்தினர்கள் கேட்டார்கள். அவர் இந்த ஊரில் படித்தது உறுதி. நம் முடுக்கு வழியாக நடந்தாரா என்பதற்கு எவரிடமும் ஆதாரம் இல்லை. வ.உ.சி. கைதானதை எதிர்த்து 1908 மார்ச் 13இல் இந்த ஊர் கொதித்தெழுந்ததும், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிர்விட்டதும் உறுதியான வரலாறு. அதைத்தான் சத்திர நடையில் சிறு பலகையில் எழுதியிருக்கிறோம்.

நன்கொடையாளர் பெயர்கள் ரசீது வரிசையில், ஒரே அளவு எழுத்தில், நடைச் சுவரில் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. தொகை பெரிதானால் எழுத்தும் பெரிதாக வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. இங்கே பெயர்களைத் திரும்பச் சொன்னால் மறுபடியும் முன்பின் தகராறு வரும் என்பதால் தொழிலும் இடமும் மட்டும் சொல்லி நன்றி கூறுகிறோம். மட்டப்பாவுக்கு வேண்டிய செங்கல் முழுவதும் தந்த பாத்திரக்கடை சகோதரர்கள். தேக்கு வாங்கப் பணம் தந்த நகைக்கடை, ஜவுளிக்கடை முதலாளிகள். வேலைநாள்தோறும் சாப்பாடு அனுப்பிய அல்வாக்கடைக் குடும்பம். கருப்பட்டியை விலையில்லாமல் அனுப்பிய உடன்குடி வியாபாரி. தினமும் வசூலில் ஒரு பங்கை உண்டியலில் போட்ட நயினார்குளம் மார்க்கெட் காய்கறி வியாபாரிகள், சுமைதூக்குவோர், வாகையடி முனை ஆட்டோ ஓட்டுநர்கள். மும்பையில் தாராவியிலும் மாதுங்காவிலும் இருந்து மாதந்தோறும் தவறாமல் அனுப்பிய நம் தெருப் பிள்ளைகள். வளைகுடாவிலிருந்து சாரத்தின் வாடகையை ஏற்றுக்கொண்ட மூன்று குடும்பங்கள். பென்ஷன் பணத்திலிருந்து தந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள். பூ விற்ற காசைச் சேர்த்துக் கொடுத்த, தன் பெயரைக் கல்லில் வெட்டவேண்டாம் என்று சொல்லிவிட்ட அம்மா. இவர்கள் எல்லாருக்கும் கமிட்டி கடமைப்பட்டிருக்கிறது. கமிட்டி அங்கத்தினர் யாரும் போக்குவரத்துப் படிகூட எடுக்கவில்லை என்பதையும், கேள்வி எழுந்ததால் மட்டுமே, பதிவு செய்கிறோம்.

கையிருப்பு வங்கியில் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்கு ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் வெள்ளையடிக்க வேண்டும், மட்டப்பா நீர்த்தாரைகளை அடைப்பில்லாமல் வைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு மட்டுமே இந்தத் தொகை என்று தீர்மானம் கொண்டுவருகிறோம். சுவரில் எங்கே விரிசல் கண்டாலும் எவரும் தாமாகச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டாம். மீதச் சுண்ணாம்பு தொட்டியில் நீர் மூடிப் பத்திரமாக இருக்கிறது, கொத்தனாரை வரவழைத்துத் தருவோம். அசல் ரசீதுகள், ஒப்பந்தப் பத்திரம், குறிப்பேடு மூன்றும் பொதுக்குழு வரை தினமும் மாலையில் சத்திரத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில், கையெழுத்தோடு தரவேண்டும்.