சாஞ்சினில் முதல் மூன்று அடி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வீடியோவை நான்கு முறை பார்த்தேன். முதல் முறைதான் சத்தத்தோடு. பிறகெல்லாம் சத்தத்தை நிறுத்திவிட்டேன். சாஞ்சின் என்கிற கராத்தே கட்டாவில், அந்த வரிசை மாறாத அசைவுத் தொடரில், மூச்சுச் சத்தம் பார்ப்பவரை ஏமாற்றும். உறுமல் பலமாக இருந்தால் கட்டாவும் பலமாக இருப்பதுபோல் தோன்றிவிடும்.

இரண்டு மாதமாக ஒரு புதிய கட்டாகூடச் சொல்லித்தரவில்லை, முன்னே எடுத்துவைக்கும் அதே மூன்று அடிதான் என்று குறைப்பட்டிருக்கிறாய். கராத்தே பிறந்த ஒகினாவாவில், நாஹாவில் உட்கார்ந்துகொண்டு இதற்கா வருத்தம்? நம் கராத்தே மரபான கோஜு ரியூவை உருவாக்கிய மியாகி சோஜுன் (1888–1953) மாணவர்களை ஆண்டுக்கணக்கில் சாஞ்சினிலேயே நிறுத்திவைத்தார் என்பார்கள். இரண்டு மாதத்துக்கே நீ புலம்புகிறாய். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, போ.

இனி உன் வலது தோள். மூச்சை இழுத்துக்கொண்டு மடக்கிய கை முஷ்டியை விலாவோரம் பின்னால் கொண்டுவரும்போது அது ஒரு விரற்கடை ஏறுகிறது. குத்தும்போது இறங்கிவிடுவதால் உனக்குத் தெரிவதில்லை. இது டோஜோவில், பயிற்சிக்கூடத்தில், வந்த பழக்கமல்ல. ஐந்தாம் வகுப்பில் புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு போவாயே, அன்றே வந்தது. தோளை இறக்கவேண்டும் என்று நினைத்தால் கழுத்துதான் இறுகும். தோளை மறந்துவிடு. முழங்கை விலாவை உரசிக்கொண்டு போகட்டும்; அக்குளுக்குக் கீழே உள்ள தசையை இடுப்புப் பக்கம் இழு.

உன்னைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு வராந்தாவில் காத்திருக்க அலுத்துப்போய், 34 வயதில் சேர்ந்தவள் நான். சாஞ்சின் என்றால் இறுக்கம் என்று எண்ணி, பல வருடம் மூச்சை அடக்கி முகம் சிவக்கச் செய்தேன். ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம். ஒரு நாள் மாஸ்டர் என் அக்குளுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, "இந்த விரலைத் தள்ளுங்கள்" என்றார். தள்ளினேன். தோள் தானாக இறங்கியது. அன்று மூச்சும் எங்கேயும் முட்டவில்லை.

உன் ஆசிரியர், அந்தச் சென்சேய், முதுகிலும் தொடையிலும் தட்டிச் சோதிக்கிறாரே, அங்கே இன்னொன்றையும் கவனித்தேன். அவர் கை வருவதற்கு முன்பே நீ அடிக்குத் தயாராகிவிடுகிறாய். தட்டியபின் உடனே தளர்கிறாய். அவர் தட்டினாலும் தட்டாவிட்டாலும் உடம்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்றுதான் அவர் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

கால் பரவாயில்லை. ஆனால் முன்னே வைக்கும் பாதம் நேராகப் போகிறது. மற்றக் கணுக்காலின் பக்கம் உள்வாங்கி, பிறகு வெளியே வளையவேண்டும்; இருட்டில் படியைத் தேடுகிற கால்போல, தரையை விடாமல். நான் கூடத்தில் கோலமாவை மெலிதாகத் தூவி அதன்மேல் நடந்து பார்ப்பேன். வளைவு எங்கே அறுகிறதோ அங்கே எடை முன்காலில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்பா தலையில் அடித்துக்கொள்வார், ஆனால் பெருக்குவதும் அவர்தான். உனக்கு அங்கே மாவு வேண்டாம். உள்ளங்காலை நனைத்துக்கொண்டு நடந்தால் போதும். முடிவில் முன்காலின் குதிகாலும் பின்கால் விரல் நுனியும் ஒரே கோட்டில் இருக்கிறதா பார்.

ஒரு நாள் மாலை அனுமதி கேட்டு உவேச்சி ரியூ என்கிற இன்னொரு கராத்தே மரபின் டோஜோ ஒன்றுக்குப் போய் ஓரமாக நில். அதை நிறுவிய உவேச்சி கான்பூன் 1897இல் சீனாவின் ஃபூசோவுக்குப் போய்க் கற்றுவந்தவர். மியாகியின் ஆசிரியர் ஹிகாவோன்னா கான்ரியோ கற்றதும் அதே ஊரில்தான். உவேச்சி ரியூக்காரர்களுடைய சாஞ்சினில் முஷ்டி கிடையாது. விரித்த கை, விரல் நுனியால் குத்து, உன்னைப்போல உறுமலும் இல்லை. ஆனாலும் தோள் கீழேதான் கிடக்கும். ஒரே பெயருள்ள கட்டா, கை வேறு, மூச்சு வேறு, தோள் மட்டும் மாறவில்லை. இதை எழுத்தில் படிப்பதைவிட அரைமணி நேரம் நின்று பார்ப்பது மேல். இதைக் கேட்டு உன் சென்சேய் கோபப்படமாட்டார் என்று நம்புகிறேன். கோபப்பட்டால் அம்மா சொன்னாள் என்று சொல்லாதே.

அடுத்த வீடியோவைப் பின்னாலிருந்து எடுக்கச் சொல். மேல்சட்டை வேண்டாம், தோள்பட்டை எலும்பு எனக்குத் தெரியவேண்டும். மூன்று அடி மட்டும் போதும்.

அன்புடன்,
அம்மா